சுருங்கிய எலும்பில் ஓர் இம்ப்ளான்ட்: பிஆர்எஃப் துணையுடன் செய்த சிகிச்சை குறித்த நிகழ்வு ஆய்வு

நோயாளியின் சொந்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் தட்டணுச் செறிவை (தட்டணுக்கள் இரத்தம் உறைய உதவும் நுண்ணணுக்கள்), இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகான இம்ப்ளான்ட்டைச் சுற்றி வைத்தால் எலும்பு விரைவாக வளரும் என்ற செய்தி இன்று சென்னையில் பல் மருத்துவரைத் தேடி வரும் பலரின் காதுக்கும் எட்டியிருக்கிறது. அந்தச் செய்தி முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. கீழே விவரிக்கும் நிகழ்வில் நாங்கள் பிஆர்எஃப் எனப்படும் தட்டணு செறிந்த ஃபைப்ரினைப் பயன்படுத்தினோம்; ஃபைப்ரின் என்பது இரத்தம் உறையும்போது வலையாகப் பின்னும் புரதம். சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. முடிவு நன்றாக இருந்ததாலேயே அதில் ஈறுக்கு எவ்வளவு உதவி கிடைத்தது, எலும்புக்கு எவ்வளவு கிடைத்தது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டிய கடமை கூடுகிறது. நோயாளியின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலுடன், அவரை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்து இதை எழுதுகிறோம்.

நோயாளியும் நோயும்

வடசென்னையின் வியாசர்பாடியில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கும் 57 வயதுப் பெண்மணி, மேல்தாடையின் இடப்பக்கத்தில் ஈறில் கொப்புளம் தோன்றுவதும் தானே உடைந்து வடிவதுமாக இருக்கிறது என்ற குறையுடன் வந்தார். "வலின்னு பெருசா ஒண்ணும் இல்ல டாக்டர், காலையில எழுந்தா வாயெல்லாம் உப்புக் கரிக்குது" என்பதே அவர் சொன்ன முதல் வாக்கியம். நாட்பட்ட சீழ் துளை வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும்போது உள்ளே அழுத்தம் சேர்வதில்லை. அதனால் வலியும் இருப்பதில்லை. இப்படிப்பட்டவர்கள் தாமதமாக வருவதற்கு அதுவே காரணம்.

குறைக்குரிய பல், கோரைப்பல்லை அடுத்த முதல் முன்கடைவாய்ப்பல். பல ஆண்டுகளுக்கு முன் வேர் சிகிச்சை செய்து கேப் போடப்பட்டிருந்தது. பல்லைச் சுற்றி அளவுகோலைச் செலுத்தியபோது எல்லா இடங்களிலும் 3 மி.மீ. ஆழமே இருந்தது; கன்னத்தை நோக்கிய பக்கத்தின் நடுவில், ஒரே ஒரு புள்ளியில் மட்டும் அது 9 மி.மீ. வரை இறங்கியது. வேர் சிகிச்சை செய்த பல்லில் இவ்வாறு குறுகலாகவும் ஆழமாகவும் ஓர் இடைவெளி தென்பட்டால், ஈறு நோயை நினைப்பதற்கு முன் வேர் நீளவாக்கில் விரிசல் விட்டிருக்கிறதா என்று ஐயப்பட வேண்டும். எக்ஸ்ரேயில் வேரின் நுனியைச் சுற்றிப் பக்கவாட்டில் பரவும் கரிய நிழலும் அதற்கு ஒத்துப்போனது. நூலைப் பல்லால் கடித்து அறுப்பது இவருக்குப் பல்லாண்டுப் பழக்கம். அதுவும் எப்போதும் இந்தப் பக்கத்தில்தான். அந்தப் பழக்கம் மட்டுமே விரிசலுக்குக் காரணம் என்று அறுதியிட முடியாது என்றாலும், உள்ளீடு குறைந்துபோன ஒரு பல்லின் மேல் அன்றாடம் விழுந்த சுமையை ஒதுக்கிவிடவும் முடியாது.

நோயாளிக்கு 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.9 விழுக்காடு. சில ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைக்கப்பட்டதால் ஆஸ்பிரின் 75 மி.கி. தினமும் எடுத்துக்கொள்கிறார். ஹீமோகுளோபின் 11.6 கிராம், தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 2.7 இலட்சம். புகை, புகையிலை, பாக்கு எதுவும் இல்லை.

பல்லை எடுத்த பிறகு

தொற்று இருந்ததால், சர்க்கரை கட்டுப்படும்வரை காத்திராமல் பல்லை எடுத்தோம். எடுத்த வேரில் மெத்திலீன் நீலச் சாயத்தைத் தடவிக் கழுவியபோது, கழுத்திலிருந்து நுனியை நோக்கி மயிரிழை போன்ற நீலக்கோடு ஒன்று தெளிவாக நின்றது. அந்தக் கோட்டுக்கு நேர் எதிரே, எலும்புக் குழியின் வெளிச்சுவர் முற்றிலும் கரைந்துபோயிருந்தது. குழியைச் சுரண்டித் தூய்மை செய்தோமே தவிர அன்று அதில் எதையும் வைக்கவில்லை. சீழ் வடிந்துகொண்டிருந்த, ஒரு பக்கச் சுவரே இல்லாத குழியில் எலும்புத் துகளை வைப்பதை நாங்கள் விரும்புவதில்லை.

அதன் பிறகு 4 மாதம் காத்திருந்தோம். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால், எச்பிஏ1சி மதிப்பு கடந்த 2, 3 மாதச் சர்க்கரையின் சராசரியையே காட்டும். மருந்தை மாற்றிய இரண்டே வாரத்தில் அதை மீண்டும் பார்ப்பதில் பொருளில்லை. நோயாளியின் பொது மருத்துவர் மருந்துகளைச் சீரமைத்தார். நோயாளியும் மாலை நடையைத் தொடங்கி, தையல் இயந்திரத்தின் முன் மணிக்கணக்காக அசையாமல் அமர்வதைக் குறைத்துக்கொண்டார். மதிப்பு 7.1 விழுக்காட்டுக்கு இறங்கியது. என்னைப் பொறுத்தவரை இந்தச் சிகிச்சையின் முதன்மையான கட்டம் இதுதான். இரத்தம் எடுத்துச் சுழற்றிய நாள் அதற்கு அடுத்தபடியே.

காத்திருப்புக்கு ஒரு விலை உண்டு. கடைவாய்ப் பகுதிகளில் ஒரு பல்லை எடுத்த ஓராண்டுக்குள் அங்குள்ள எலும்பின் அகலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதங்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது. இவரிடம் வெளிச்சுவர் முன்பே போயிருந்ததால் சுருக்கம் இன்னும் கடுமையாக இருந்தது. சிபிசிடி எனப்படும் முப்பரிமாண எக்ஸ்ரே படத்தில் எலும்பு மேட்டின் உச்சியில் அகலம் 4.1 மி.மீ.; சற்று உள்ளே 5.6 மி.மீ.; சைனஸ் குழியின் தளம்வரை உயரம் 12 மி.மீ. உயரத்துக்குக் குறையில்லை. 3.75 மி.மீ. விட்டமுள்ள இம்ப்ளான்ட்டை 4.1 மி.மீ. எலும்பில் வைத்தால் வெளிப்பக்கம் இம்ப்ளான்ட்டின் மரைகள் வெளியே தெரியும் என்பது படத்திலேயே புலப்பட்டது. வெளிப்பக்கத்தில் குறைந்தது 1.5 மி.மீ. எலும்பாவது இருந்தால்தான் நாளடைவில் ஈறு இறங்காமல் நிற்கும் என்பதால், இம்ப்ளான்ட்டுடன் சேர்த்து எலும்பையும் வளர்த்தெடுக்க வேண்டியிருந்தது.

எதை வைப்பது?

எலும்பு வளர்ப்புக்கு இங்கு வழக்கமாகக் கையாளும் பொருள்களில் முதலில் நினைவுக்கு வருவது மாட்டு எலும்பிலிருந்து பெறப்படும் கனிமத் துகள். அதன் மேல் மூடும் கொலாஜன் சவ்வும் பெரும்பாலும் மாடு அல்லது பன்றியிலிருந்தே எடுக்கப்படுகிறது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் திசு வங்கியிலிருந்து வரும் பதப்படுத்தப்பட்ட மனித எலும்பும் மற்றொரு தெரிவு. இவை எங்கிருந்து வருகின்றன என்பதை நோயாளிக்கு அவர் மொழியில் சொல்லிவிட்டே ஒப்புதல் பெற வேண்டும். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டுக் கையெழுத்து வாங்கினால் அது ஒப்புதல் ஆகாது. விவரத்தைக் கேட்டதும் அவர், "மாட்டோடது வேணாம் டாக்டர். வேற யாரோ ஒருத்தர் எலும்பும் வேணாம், எனக்கு மனசு ஒப்பல. என் உடம்புலேர்ந்து எடுத்தா சரி" என்றார். அதை மதித்தே திட்டத்தை வகுத்தோம்.

அவருடைய தாடையிலிருந்தே சுரண்டி எடுக்கும் எலும்புச் சீவல், அதனுடன் சம அளவில் ஹைட்ராக்ஸிஅபடைட்டும் பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட்டும் கலந்த செயற்கைத் துகள், மேலே பாலிலாக்டிக் அமிலத்தால் ஆன கரையக்கூடிய செயற்கைச் சவ்வு, இவை அனைத்துக்கும் துணையாக அவருடைய இரத்தத்திலிருந்து பிஆர்எஃப் என்று முடிவாயிற்று.

இங்கே ஒரு சிறு வரலாறு தேவைப்படுகிறது. டைட்டானியம் எலும்புடன் நேரடியாகப் பிணையும் என்பதைக் கண்டறிந்த ஸ்வீடன் நாட்டின் பெர்-இங்வார் பிரோனமார்க் முதல் நோயாளிக்கு இம்ப்ளான்ட் வைத்தது 1965 ஆம் ஆண்டில். தட்டணுச் செறிவை எலும்புத் துகளுடன் சேர்க்கலாம் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் குழுவினர் 1998 இல் எழுதிய கட்டுரை உலகெங்கும் கவனம் பெற்றது. அது பிஆர்பி என்னும் முதல் தலைமுறைச் செறிவு. அதில் இரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்தைச் சேர்த்து, இருமுறை சுழற்றி, கடைசியில் உறைய வைப்பதற்குக் கால்சியம் குளோரைடும் மாட்டிலிருந்து எடுத்த, உறைதலைத் தூண்டும் திராம்பினும் சேர்த்தார்கள். 2001 இல் பிரான்ஸின் ஜோசப் சூக்ரூன் அறிமுகப்படுத்திய பிஆர்எஃப் முறையில் வெளியிலிருந்து எதையும் சேர்ப்பதில்லை. இரத்தம் கண்ணாடிக் குழாயின் சுவரைத் தொட்டதும் தானே உறையத் தொடங்குகிறது, சுழலும் வேகத்தில் அந்த உறைவே அடுக்குகளாகப் பிரிகிறது. மாட்டுப் பொருள் வேண்டாம் என்ற நோயாளிக்கு இந்த வேறுபாடு வெறும் தொழில்நுட்ப விவரம் அல்ல.

ஆஸ்பிரினைப் பற்றி இதய மருத்துவரிடம் கலந்து பேசினோம், நிறுத்தவில்லை. ஆஸ்பிரின் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதற்கான ஒரு வழியைத்தான் அடைக்கிறது. பிஆர்எஃப் உருவாவது திராம்பின் வழியாக ஃபைப்ரின் வலை பின்னப்படுவதால். அந்த வழியை ஆஸ்பிரின் தடுப்பதில்லை. வார்ஃபரின் போன்ற, உறைதலையே தாமதப்படுத்தும் மருந்துகளை எடுப்பவர்களிடம் நிலைமை வேறு. அவர்களிடம் உறைவு தளர்வாகவே கிடைக்கலாம்.

இரத்தத்தைச் சுழற்றுதல்

இந்த முறையில் தவறுகள் நுழையும் இடம் பெரும்பாலும் அறுவை மேசை அல்ல, சுழற்றும் இயந்திரம் வைத்திருக்கும் மூலை. ஆகவே இதைச் சற்று விரிவாகவே பதிவு செய்கிறோம்.

முழங்கை மடிப்பின் சிரையில் 21 கேஜ் ஊசி செலுத்தி, எதுவும் சேர்க்காத 10 மி.லி. கண்ணாடிக் குழாய்கள் நான்கிலும், பிளாஸ்டிக் குழாய்கள் இரண்டிலும் இரத்தம் எடுத்தோம். பரிசோதனைக்கூடங்களில் சீரம் பிரிப்பதற்காக வைத்திருக்கும், உறைதலைத் தூண்டும் சிலிக்கா பூசிய பிளாஸ்டிக் குழாய்களைப் பிஆர்எஃப் எடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. அவை விலை மலிவாகவும் எளிதாகவும் கிடைப்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறோம். எடுத்த இரத்தம் ஒரு நிமிடத்துக்குள், அதிகம் போனால் ஒன்றரை நிமிடத்துக்குள் சுழலத் தொடங்க வேண்டும். அதைவிடத் தாமதித்தால் அடுக்குகள் பிரிவதற்கு முன்பே உறைவு பரவிவிடும். கையில் கிடைப்பது வலுவில்லாத சிவந்த கட்டி மட்டுமே.

கண்ணாடிக் குழாய்களை நிமிடத்துக்கு 2700 சுற்று வீதம் 12 நிமிடம் சுழற்றினோம். கட்டுரைகளிலும் பயிலரங்குகளிலும் சுற்று எண்ணிக்கையை மட்டும் சொல்லி விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது, அது போதாது. இரத்த அணுக்களின் மேல் செயல்படும் விசை சுற்று எண்ணிக்கையையும் சுழலும் ஆரத்தையும் சேர்த்தே அமைகிறது. எங்கள் இயந்திரத்தில் அச்சிலிருந்து குழாயின் அடிவரை 8.6 செ.மீ.; ஆகவே அங்கே விசை புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 700 மடங்கு. இதே 2700 சுற்றை 11 செ.மீ. ஆரமுள்ள இயந்திரத்தில் வைத்தால் விசை 900 மடங்கை நெருங்கும். அணுக்கள் இன்னும் கீழே தள்ளப்படும். ஒரே எண்ணைப் பின்பற்றிய இரண்டு மருத்துவமனைகளுக்கு இரண்டு விதமான பொருள் கிடைப்பது இதனால்தான். பிளாஸ்டிக் குழாய்களைத் தனியே 700 சுற்று வீதம் 3 நிமிடம் மட்டும் சுழற்றி, மேலே நின்ற ஆரஞ்சு நிறத் திரவப் பிஆர்எஃப்பை ஊசியால் உறிஞ்சி எடுத்தோம்.

கண்ணாடிக் குழாயைத் திறந்தபோது அடியில் சிவப்பணுக்கள், மேலே தெளிந்த மஞ்சள் நீர், நடுவில் இளமஞ்சள் நிறத்தில் விரல் நீள உறைவு. இடுக்கியால் தூக்கினால் அறுந்து விழாமல் தொங்கும் உறைவே நல்ல உறைவு. சிவப்பணுப் பகுதியை வெட்டும்போது எல்லைக்கோட்டில் ஒரு மெல்லிய சிவப்பு விளிம்பை விட்டே வெட்ட வேண்டும். தட்டணுக்களும் வெள்ளணுக்களும் அந்த எல்லையை ஒட்டியே மிகுதியாகத் திரண்டிருக்கின்றன. வெள்ளைவெளேரென்று இருக்க வேண்டும் என்று எண்ணி அதையும் நறுக்கி எறிந்தால், எதற்காக இரத்தம் எடுத்தோமோ அதையே எறிந்ததாகும். நான்கு உறைவுகளையும் துளையிட்ட பெட்டியில் தட்டு வைத்து மெதுவாக அழுத்தி 1 மி.மீ. தடிப்புள்ள சவ்வுகளாக்கினோம்; வடிந்த நீரைத் துகளை நனைக்க எடுத்து வைத்தோம்.

அறுவைச் சிகிச்சை

ஒரு மணி நேரத்துக்கு முன் அமாக்ஸிசிலின் 2 கிராம் கொடுத்து, அட்ரினலின் கலந்த 2 விழுக்காடு லிக்னோகேயினால் மரக்கச் செய்து, ஈறு மடலைத் திறந்தோம். 3.75 மி.மீ. விட்டமும் 10 மி.மீ. நீளமும் உடைய இம்ப்ளான்ட் 30 நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்கு விசையில் நின்றது. அதிர்வெண் கருவியால் அளந்த உறுதி எண், அதாவது ஐஎஸ்கியூ, 64; எண் கூடினால் பிடிப்பும் கூடுதல். எதிர்பார்த்தபடியே வெளிப்பக்கம் 4 மி.மீ. உயரத்துக்கு மரைகள் எலும்பு மூடாமல் நின்றன.

அதே அறுவைப் பகுதியின் மேற்பக்கத்தில் கன்ன எலும்பை நோக்கி எழும் தடித்த பகுதியிலிருந்து சுரண்டியால் எலும்புச் சீவலை எடுத்து, செயற்கைத் துகளுடன் கலந்து, அதன் மேல் திரவப் பிஆர்எஃப்பை ஊற்றினோம். சில நிமிடங்களில் கலவை முழுவதும் ஒரே பாளமாக இறுகியது. உதிரியாக இருந்திருந்தால் உமிழ்நீரிலும் இரத்தத்திலும் நழுவியிருக்கும் துகள், இப்போது இடுக்கியால் எடுத்து வைத்த இடத்திலேயே நின்றது. பிஆர்எஃப் எலும்புக்குச் செய்யும் உதவிகளில் கண்ணால் கண்டு உறுதி சொல்லக்கூடியது இதுதான் என்று நினைக்கிறேன். எலும்புப் பரப்பில் சிறு துளைகளிட்டு இரத்தம் கசியச் செய்து, பாளத்தை வைத்து, செயற்கைச் சவ்வால் மூடி, அதன் மேல் பிஆர்எஃப் சவ்வுகளை இரண்டடுக்காகப் பரப்பினோம். பிறகு மடலின் உட்புறம் எலும்பு உறையைக் கீறித் தளர்த்தி, இழுவிசை சிறிதும் இல்லாமல் தைத்தோம்.

பிஆர்எஃப் சவ்வை மட்டும் தடுப்பாக வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். அது ஏறக்குறைய இரண்டு வாரங்களில் கரைந்துவிடுகிறது. வேகமாக வளரும் ஈறுத் திசு உள்ளே புகாமல் மாதக்கணக்கில் இடத்தைக் காத்துக்கொடுக்க அதனால் இயலாது.

ஆறிய விதம்

வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் பயனைக் குலைக்கக்கூடும் என்பதால் அதைத் தவிர்த்தோம். முதல் சில நாள் கஞ்சியும் ஆறிய ரசம் சாதமும். தையல் இயந்திரத்தின் மேல் குனிந்து வேலை செய்ய ஒரு வாரத் தடை. மூன்றாம் நாள் வீக்கம் எங்கள் எதிர்பார்ப்பைவிடக் குறைவாக இருந்தது. வலியைப் பத்துக்கு இரண்டு என்றார். பத்தாம் நாள் தையல் பிரித்தபோது முன்பக்கத்தில் 2 மி.மீ. அளவுக்கு ஈறு விளிம்பு விலகியிருந்தது. உள்ளே துகள் தெரியவில்லை. மங்கிய மஞ்சள் நிறத்தில் ஃபைப்ரின் படலம் மட்டும் தெரிந்தது. 0.2 விழுக்காடு குளோர்ஹெக்சிடின் கொண்டு கொப்பளிக்கச் சொல்லிக் காத்திருந்தோம். மூன்றாம் வார முடிவில் அந்த இடம் மூடிவிட்டது, ஒரு துகளும் வெளிவரவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஈறைத் திறந்தபோது, மரைகள் தெரிந்த இடம் முழுவதும் கருவியால் குத்தினாலும் உள்வாங்காத கெட்டித் திசுவால் மூடப்பட்டிருந்தது. அதில் சில செயற்கைத் துகள்கள் அப்படியே பதிந்திருப்பதும் தெரிந்தது. ஐஎஸ்கியூ 74. சிபிசிடி படத்தில் வெளிப்பக்க எலும்பு 1.8 மி.மீ. என்று காட்டியது, டைட்டானியத்தை ஒட்டி நிழல் பரவும் இந்தப் படங்களில் இத்தகைய மெல்லிய அளவுகளை மிகத் துல்லியமானவையாகக் கொள்ள முடியாது. திருகால் பொருத்தும் கேப்பை மாட்டி, கடிக்கும்போது விழும் விசை இம்ப்ளான்ட்டின் நேர் அச்சில் இறங்கும்படி சரிசெய்தோம். நூல் அறுப்பதற்கு இப்போது ஒரு சிறு கத்தரியை நாடாவில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருக்கிறார். ஓராண்டுப் பரிசோதனையில் ஓர எலும்பு 0.4 மி.மீ. மட்டுமே குறைந்திருந்தது, ஈறின் ஆழம் 3 மி.மீ.; இரத்தக் கசிவு இல்லை.

எது எதனால்?

தட்டணுக்கள் வெளியிடும் பிடிஜிஎஃப், டிஜிஎஃப் பீட்டா, விஇஜிஎஃப் முதலிய வளர்ச்சிக் காரணிகள் புதிய இரத்த நாளங்களையும் திசு அணுக்களையும் காயத்தை நோக்கி அழைக்கின்றன. ஃபைப்ரின் வலை அவற்றைப் பிடித்து வைத்து ஒன்று முதல் இரண்டு வாரம் வரை சிறுகச் சிறுக விடுகிறது. ஈறு மூடுவதும் அந்த இரண்டு வாரத்தில்தான். எலும்பு முதிர்வதோ மாதங்களில். இந்தக் கால அளவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பிஆர்எஃப்பின் வலிமை எங்கே இருக்கும் என்று ஊகிக்கலாம். வெளிவந்துள்ள ஆய்வுகளும் பெரிதும் அதையே சொல்கின்றன. ஈறு ஆறுவதிலும் வலி குறைவதிலும் பயன் தெரிகிறது. இம்ப்ளான்ட் வைத்த முதல் வாரங்களில் உறுதி எண் சற்றுக் கூடுவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் இம்ப்ளான்ட் நீண்ட காலம் நிலைப்பதை அது கூட்டுகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை.

இந்த நோயாளியிடம் எலும்பு வளர்ந்ததற்கு நான் முதலில் பெருமை தருவது கட்டுக்குள் வந்த சர்க்கரைக்கும், அவருடைய சொந்த எலும்புச் சீவலுக்கும், அசையாமல் நின்ற இம்ப்ளான்ட்டுக்கும், இடத்தைக் காத்த செயற்கைச் சவ்வுக்கும்தான். விலகிய ஈறு விளிம்பு தானே மூடிக்கொண்டதில் பிஆர்எஃப்புக்குப் பங்கு இருக்கும் என்று கருதுகிறேன். ஒப்பிட மறுபக்கம் ஒன்று இல்லாத ஒற்றை நிகழ்வில் இதற்கு மேல் சொல்வது முறையாகாது. மலிவான, நோயாளியின் உடலுக்கு அயலல்லாத, இடர் மிகக் குறைந்த ஒரு துணை என்ற அளவில் இதை நான் மனமார ஏற்கிறேன். ஆனால் இதை "ஸ்டெம் செல் சிகிச்சை" என்று பெயர் சூட்டி விற்பது தவறு. இதில் இருப்பவை தட்டணுக்களும் வெள்ளணுக்களும் ஃபைப்ரினும். எலும்பு இல்லாத இடத்தில் இது மட்டும் வைத்தால் எலும்பு வந்துவிடும் என்று நம்பிப் பணம் கட்டும் நோயாளிக்கு நாம் துரோகம் செய்கிறோம்.

அண்மையில் இவருடைய தம்பி கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல்லுக்காக வந்தார். "அக்காவுக்குப் பண்ண மாதிரியே எனக்கும் ரத்தம் எடுத்துப் பண்ணிடுங்க டாக்டர்" என்று கேட்டார். அவருக்குச் சர்க்கரை இல்லை, எலும்பின் அகலம் 8 மி.மீ., ஈறும் தடிமனாக இருந்தது. இம்ப்ளான்ட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் 2 மி.மீட்டருக்குக் குறையாமல் எலும்பு நிற்கும் என்பதைப் படத்தில் காட்டி, அக்காவுக்கு எது தேவைப்பட்டது, அவருக்கு அது ஏன் தேவையில்லை என்று விளக்கினோம். இரத்தம் எடுக்காமலேயே அவருக்கு இம்ப்ளான்ட் வைக்கப்பட்டது.